லைனில் கடலூர்

இந்திரா நகர் கடைத்தெருவில் பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி திடீரென்று ஊமையாகிவிட்டாலும், புதுப் போன் வாங்கியதில் பழைய வாட்ஸ்அப் ஆர்டர்கள் காணாமல் போனாலும், கடைக்காரர்கள் முதலில் கூப்பிடுவது மலர்கொடியைத்தான். கஸ்டமர் கேர் எண் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அதை யாரும் கூப்பிடுவதில்லை.

"அதுல மிஷினு பேசுது. ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு சொல்லிகினே இருக்குது. மலர்கொடியம்மா மனுசங்க மாதிரி பேசும்" என்பார் பூக்கடைக் கலியம்மாள்.

மலர்கொடிக்கு அறுபது தாண்டிவிட்டது. நெய்வேலி சுரங்கக் கம்பெனியில் ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கணவர் ராஜாங்கத்தோடு இந்திரா நகருக்கு வந்தவர். மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த ராஜாங்கத்துக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வீட்டு முன்னறையில் ஒரு மளிகைக் கடை போட்டார். கடை போட்ட சூட்டோடு, பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி பேச்சை நிறுத்திவிட்டது. அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மலர்கொடி பெட்டியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு கஸ்டமர் கேரைக் கூப்பிட்டார்.

மிஷின் பேசியது, பாட்டுப் போட்டது, மறுபடி பேசியது. மலர்கொடி போனை வைக்கவில்லை. லைனில் காத்திருப்பது அவருக்குப் பழகிய வேலை. கடைசியில் களைத்துப்போன ஒரு பெண் குரல் வந்தது.

"காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கியாம்மா? தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார் மலர்கொடி.

அந்தப் பக்கம் மடக்கு மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், பெட்டியின் சிம் கார்டிலிருந்து ஆரம்பித்து, பாஷையை மாற்றுவது, சத்தத்தைக் கூட்டுவது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மலர்கொடி கேட்டதை மறக்கிறவர் இல்லை. மறுவாரம் கலியம்மாளின் பெட்டி இந்தியில் பேச ஆரம்பித்தபோது, அதை ஐந்து நிமிடத்தில் தமிழ் பேச வைத்தார். அப்படித்தான் இது தொடங்கியது. ஒருவர் சொல்லி ஒருவர், மந்தாரக்குப்பம், வடலூர், குள்ளஞ்சாவடி என்று அவருடைய எண் பரவியது.

முழங்கால் வலியால் அவர் எந்தக் கடைக்கும் போவதில்லை. எல்லாம் போனிலேயே நடக்கும். அவருக்கு அதுதான் சௌகரியமும்கூட.

"அம்மா, சைக்கிள் கடை குழந்தைவேலுங்க. பில் மிஷின்ல பேப்பர் வருது, எழுத்தே வரலீங்க."

"பேப்பரை நகத்தால கீறிப் பாருங்க. கோடு விழுதா?"

"விழலீங்க."

"திருப்பிக் கீறுங்க."

"அட, கறுப்பா விழுதும்மா!"

"பேப்பரை மாத்திப் போட்டிருக்கீங்க. அந்தப் பக்கம் மேல வர்ற மாதிரி மாட்டுங்க."

யாராவது அவசரத்தில், "ஒரு நம்பர் வந்திருக்கும்மா, படிக்கட்டா?" என்று ஆரம்பித்தால் மட்டும் அவர் குரல் உயரும். "படிக்காதீங்க! எங்கிட்ட மட்டுமில்ல, யாருகிட்டயும் படிக்காதீங்க. நீங்களே பார்த்து நீங்களே போடுங்க." மற்றபடி, யாரையும் அதட்டிப் பேசியதில்லை. ஸ்கிரீனில் இருப்பது இங்கிலீஷில் இருந்தால், படிக்கத் தெரியாதவர்களைக் கூச்சப்படுத்தக் கூடாது என்று, எல்லோரிடமும் ஒரே மாதிரி, "என்ன எழுதியிருக்கு? ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க" என்பார். அவர்கள் ஏ, பி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அந்த ஸ்கிரீன் அவர் முன்னால் தெரிவது போலவே இருக்கும்.

இந்தப் பழக்கம் எக்ஸ்சேஞ்சில் வந்தது.

ப்ளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும் முடித்திருந்த மலர்கொடியை எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பெனியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினார்கள். ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்னொரு எக்ஸ்சேஞ்சா என்று அவருடைய அப்பா பல நாள் சொல்லிச் சிரித்தார். அவரும் மைன்ஸில் ஷிஃப்ட் பார்த்தவர்தான். இன்டர்வியூவில் ஆபீசர் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, போன் வழியே மலர்கொடியின் குரலை மட்டும் கேட்டார். முகத்தைப் பார்க்கவே இல்லை. வேலை கிடைத்தது.

டவுன்ஷிப் அப்போது அவருக்குக் குரல்களாகத்தான் இருந்தது. எதிரே துளைகள் நிறைந்த பலகை. எந்தத் துளைக்கு மேல் விளக்கு எரிகிறதோ அதில் வயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று சொன்னால், ஒரு வீடோ ஒரு ஆபீசோ பேசும். ஆஸ்பத்திரி டியூட்டி நர்ஸின் அவசரம், ஸ்டோர்ஸ் கிளார்க்கின் இருமல், ஜெனரல் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மைன்ஸ் டைம் ஆபீசிலிருந்து வரும் இரைச்சல் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மழைக் காலத்தில் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் நாட்களில், குவார்ட்டர்ஸ் பிளாக் முனையில் இருந்த போனிலிருந்து, வீட்டுக்காரர் வரத் தாமதமான பெண்கள் கூப்பிடுவார்கள். "ஏ ஷிஃப்ட் பஸ் வந்துடுச்சான்னு கேட்டுச் சொல்றியாம்மா?" கேட்டுச் சொல்லுவார். சைரன் ஊதியதும் அந்தத் தெருக்களில் சைக்கிள் மணிகள் கேட்கும். வேப்பமரங்களின் அடியில் நடந்து வீட்டுக்குப் போகையில், எதிரே வருகிறவர் யாரென்று தெரியாமல், அவர் இருமிய பிறகு, ஓ, ஸ்டோர்ஸ் கிளார்க் என்று தெரிந்துகொள்வார்.

வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால். நெய்வேலியிலிருந்து கிளம்பும் எந்த டிரங்க் காலும் கடலூர் வழியாகத்தான் போக வேண்டும். ஆபரேட்டர்கள் லைனில் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. ஊர்தான் பெயர். கடலூரில் அதே ஷிஃப்டில் ஒரு பெண் இருந்தாள். முதல் மாதம் வெறும் வேலைப் பேச்சு.

"கடலூர், ஒரு மெட்ராஸ் கொடுங்க."

"மெட்ராஸ் பிஸி நெய்வேலி."

இரண்டாம் மாதம் அது, "மெட்ராஸ் பிஸி நெய்வேலி. இரு, வாங்கித் தர்றேன். இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று ஆயிற்று. பிறகு வருடக்கணக்கில் நின்றதில்லை. விளக்கு எரியாத நேரமெல்லாம் இருவரும் பேசினார்கள். மலர்கொடிக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போன மறுநாள், பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக்கூடச் சொல்லாததைக் கடலூருக்குச் சொன்னார்.

"ஆளு எப்டிடி?"

"நிமிர்ந்து பார்க்கவே இல்ல. குரல் நல்லா இருந்துச்சு."

"அப்ப போதும்" என்றாள் கடலூர்.

பத்திரிகை அனுப்பப் பெயர் கேட்டபோது, சூப்பர்வைசர் லைனில் இருந்திருக்க வேண்டும். கடலூர் சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, "டிரங்க் ஆபரேட்டர், கடலூர்னு போடுங்க, வந்துடும்" என்றாள். அப்படியே போட்டு அனுப்பினார். கல்யாணத்தன்று அவளுக்கு டியூட்டி. வரமுடியவில்லை.

ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். வடலூர் தைப்பூசம், இருவருக்கும் பொதுவான இடம். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. மலர்கொடி போய்ப் பார்த்தால், கூட்டத்தில் பாதிப் பேர் பச்சைப் புடவை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒருத்தியிடம், "கடலூரா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். இன்னொருத்தியும் ஆமாம் என்றாள். மூன்றாவது அம்மாள், "ஆமாம், மஞ்சக்குப்பம். நீ யாரு பொண்ணு?" என்று பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வடலூரில் இருந்தவர்கள் பாதிப் பேர் கடலூர்க்காரர்கள்தான். மறுநாள் லைனில், "நீ வரல" என்று இவரும் "நீதான் வரல" என்று அவளும் சொல்லிச் சிரித்த சிரிப்பில், இரண்டு பக்கமும் சூப்பர்வைசர்கள் எழுந்து வந்தார்கள்.

பிறகு எஸ்.டி.டி. வந்தது. அவரவர் வீட்டிலிருந்தே அவரவர் ஊருக்குச் சுழற்றினார்கள். பலகையில் விளக்குகள் குறைந்தன. மலர்கொடி பிரசவ லீவு முடிந்து வந்து கடலூரைக் கூப்பிட்டபோது வேறொரு குரல் வந்தது. முன்பு இருந்தவர் டிரான்ஸ்ஃபரில் போய்விட்டதாகச் சொன்னது. "எந்த ஊருக்கு?" என்று கேட்டார். "யாரைக் கேக்கறீங்க? பேரு சொல்லுங்க" என்றது அந்தக் குரல். மலர்கொடிக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். கொஞ்ச காலத்தில் அந்தப் பலகையையும் கழற்றினார்கள். அவரைக் குவார்ட்டர்ஸ் புகார் பிரிவில் போட்டார்கள். தண்ணீர் வரவில்லை, ஃப்யூஸ் போய்விட்டது என்ற குரல்களோடு மீதி சர்வீஸ் முடிந்தது. ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் மாலை போட்டார்கள். கடலூருக்கு யார் சொல்வது என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அதை ராஜாங்கத்திடம்கூடச் சொல்லவில்லை.

இந்த வருடம் மே மாதம், முற்பகலில் ஒரு புது எண்ணிலிருந்து போன் வந்தது. மலர்கொடி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வணக்கங்க. காடாம்புலியூர்லேர்ந்து பேசறேன். முந்திரிப் பருப்பு வறுத்து விக்கறோம். பண்ருட்டி பேக்கரிக்காரர் உங்க நம்பரைக் கொடுத்தாரு."

"சொல்லுங்க."

"வாட்ஸ்அப்ல யாரு ஆர்டர் கேட்டாலும், 'நாங்கள் இப்போது இல்லை, பிறகு தொடர்பு கொள்கிறோம்'னு அதுவே பதில் போட்டுடுது. நான் கல்லு மாதிரி கடையிலதான் உக்காந்துகினு இருக்கேன். கடைய மூடிட்டீங்களான்னு மெட்ராஸ்லேர்ந்து கேக்கறாங்க."

"அது பெரிய விஷயமில்லைங்க. ஊருக்குப் போகும்போது யாராவது போட்டு வெச்சிருப்பாங்க, எடுக்க மறந்திருப்பாங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க. வாட்ஸ்அப்பைத் திறந்து மேல மூணு புள்ளியைத் தொடுங்க. பிசினஸ் டூல்ஸ்னு வரும். உள்ள போய்க் கீழ தள்ளுங்க. என்ன எழுதியிருக்கு? ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க."

பிறகு அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது:

"ஏ, ஆக்ரா. டபிள்யூ, வெலிங்டன். ஏ, ஆக்ரா. ஒய், ஏற்காடு."

மலர்கொடியின் கத்தி நின்றுவிட்டது.

எழுத்துக்கு ஊர்ப்பெயர் சொல்வது எல்லா ஆபரேட்டர்களுக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் ஏற்காடு எந்தப் பட்டியலிலும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் மிஷின் இருந்த அறைக்குத்தான் ஏ.சி.; ஆபரேட்டர்களுக்கு ஒரு மின்விசிறி. அக்னி நட்சத்திர வெயிலில் ஒருநாள் கடலூர், "வெயில்ல வேகிறதும் இல்லாம வாரங்கல், பம்பாய்னு வேற சொல்லணுமா? குளுகுளுன்னு ஊருங்களாச் சொல்லுவோம்" என்றாள். ஓ-வுக்கு ஊட்டி, கே-வுக்குக் கொடைக்கானல், டபிள்யூவுக்கு வெலிங்டன். ஒய்-க்கு ஒன்றும் கிடைக்காமல் திண்டாடி, ஏற்காட்டை இங்கிலீஷில் ஒய் போட்டுத்தான் எழுதுவார்கள் என்று கண்டுபிடித்தவர் மலர்கொடி. அன்றைக்கு இருவரும் கூத்தாடினார்கள். மெட்ராஸ் ஆபரேட்டர் ஒருத்தி, ஒய்-க்கு ஏற்காடா என்று சண்டைக்கே வந்தாள்.

மலர்கொடி கத்தியைக் கீழே வைத்தார்.

"கடலூரா?"

"எவ்ளோ நேரம்டி லைன்ல நிக்க வெப்ப நெய்வேலி?"

இருவரும் அழுதார்கள். அழுதுகொண்டே பேசினார்கள். அவள் பெயர் பார்வதி. டிரான்ஸ்ஃபர் கும்பகோணத்துக்கு. பிறகு இரண்டு பிள்ளைகள், பிறகு ஓய்வு, பிறகு கணவரின் ஊரான காடாம்புலியூரில் முந்திரித் தோப்போடு வாழ்க்கை. கணவர் போன பிறகு மருமகளோடு சேர்ந்து இந்த வியாபாரம்.

"பேக்கரிக்காரர் மலர்கொடின்னு சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உன் கல்யாணப் பத்திரிகையில பார்த்த பேராச்சே. ஆனா குரல் தடிச்சுப் போயிருக்கு, அடையாளம் பிடிபடல. அதான் ஏற்காடு போட்டுப் பார்த்தேன். வேற யாராச்சும்னா, இன்னா பைத்தியம்னு நெனச்சிட்டுப் போவாங்க."

"இத்தனை வருஷம் ஒரு கார்டு போடக்கூடாதா?"

"போடணும்னு நெனச்சுகினே இருந்தேன். புள்ளைங்க, வூடு, மாமியா. நாளைக்கு நாளைக்குன்னு போயிடுச்சு."

ராஜாங்கம் சாப்பாட்டுக்கு வந்து, நறுக்காத பீன்ஸையும் மனைவியின் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். பேசி முடித்த பிறகுதான் மலர்கொடிக்கு உறைத்தது: பார்வதி கேட்ட வேலையைச் செய்யவே இல்லை. கடை இன்னும் எல்லோரிடமும் 'நாங்கள் இப்போது இல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் நேர்லயே வந்து பண்ணித் தர்றேன்" என்றார் மறுநாள். முழங்காலுக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு, ராஜாங்கத்தோடு பண்ருட்டி பஸ் ஏறினார். காடாம்புலியூர் ஒன்றும் தூரமில்லை. அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறார், இதே ரோட்டோரப் பலாப்பழக் குவியல்களைப் பார்த்தபடி.

கடை வாசலில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். குள்ளம், நல்ல பருமன், தடித்த கண்ணாடி. மலர்கொடி மனதில் இத்தனை காலம் இருந்த கடலூர் ஒல்லியாக, நீளப் பின்னலோடு இருப்பவள்.

"வாங்க, வாங்க" என்றார் பார்வதி.

"நல்லா இருக்கீங்களா?" என்றார் மலர்கொடி.

உட்கார்ந்தார்கள். மருமகள் எழில்மதி டீயும் பலாச்சுளையும் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் பார்வதி.

"நானும் உங்களை ஒல்லின்னு நினைச்சேன்."

சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் அடுத்த பேச்சு வரவில்லை. போனில் 'டி' போட்டுப் பேசிய வாய்க்கு, எதிரே இருந்த முகத்திடம் 'ங்க' இல்லாமல் பேச வரவில்லை. வெயில் அதிகம் என்றார் ஒருவர். ஆமாம், மழை வந்தால் தேவலை என்றார் மற்றவர். ராஜாங்கம் முந்திரி வறுக்கும் அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து தப்பித்துக்கொண்டார். மலர்கொடி போனை வாங்கி, அந்த 'அவே' தானியங்கிப் பதில் எப்போதும் போகும்படி இருந்ததைக் கடை மூடியிருக்கும் நேரத்துக்கு மட்டும் என்று மாற்றினார். இரண்டு நிமிட வேலை. அதுவும் முடிந்தபின் கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. இதற்கா வந்தோம் என்று இருந்தது அவருக்கு.

எழில்மதிதான் கேட்டாள். "ஆன்ட்டி, மேப்ல எங்க கடையைத் தேடினா ஒரு நம்பர் வருதாமே, அது சரியான்னு பார்த்துடுங்களேன்."

மலர்கொடி தன் போனில் தேடி, அங்கே வந்த எண்ணை அழுத்தினார். பின்கட்டில், வறுக்கும் கொட்டகைப் பக்கம் ஒரு மணி அடித்தது.

"அய்ய, அது பழைய போனு. சார்ஜுல கெடக்குது" என்று பார்வதி எழுந்து ஓடினார். மலர்கொடியின் காதில் மணி நின்றது.

"ஹலோ."

அந்த ஹலோவில் குள்ளமும் இல்லை, பருமனும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

"கடலூர்" என்றார் மலர்கொடி, தானறியாமல்.

"ம்… சொல்லு நெய்வேலி. இன்னாடி இப்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு உக்காந்திருக்க?"

"நீதான் வாங்க போங்கன்னு மாமியார் வீட்டு விருந்தாளி மாதிரி பேசுற!"

"எனக்கு உன் மூஞ்சியப் பார்த்தா பேச்சே வரலடி. இங்கியே நின்னுகினு பேசறேன். அன்னிக்கு வடலூர்ல எந்த வாசல்ல நின்ன?"

இவர் முன்கடையில், அவர் பின்கொட்டகையில். நடுவில் ஒரு சுவர். இருவரும் கையில் போனோடு பேசினார்கள், சத்தம் போட்டுச் சிரித்தார்கள். கொட்டகையிலிருந்து வெளியே வந்த ராஜாங்கமும் முன்கடையில் இருந்த எழில்மதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பலாச்சுளையை ராஜாங்கமே தின்று தீர்த்தார். போன் சூடேறி, சார்ஜ் இறங்கிய பிறகுதான் பார்வதி முன்னால் வந்தார். வந்ததும் மலர்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தார். இப்போது பேசாமல் இருப்பது கஷ்டமாக இல்லை.

அதன்பிறகு, மலர்கொடி சொல்லிக்கொடுத்ததில், பண்ருட்டி பக்கத்துக் கேள்விகள் பார்வதிக்குப் போக ஆரம்பித்தன. பார்வதிக்குப் பொறுமை குறைவு. ஒரு சலூன்காரருக்கு அவசரமாக வழி சொல்லப்போய், அவருடைய வாடிக்கையாளர் எண்கள் சில அழிந்துவிட்டன. அதற்கு மலர்கொடி கடிந்துகொண்டதில், இருவரும் கொஞ்ச நாள் பேசாமல்கூட இருந்தார்கள். பிறகு பார்வதியே கூப்பிட்டு, அழிந்த எண்ணை எங்கே தேடுவது என்று கேட்டார். அவர்களுடைய எல்லாச் சண்டையும் இப்படித்தான் முடிகிறது. நேரில் அதிகம் சந்திப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் மலர்கொடியின் எண் எந்தக் கடைக்காரருக்கும் கிடைக்காது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தையல்காரர் கூப்பிட்டார். கடைப் பெயரை மாற்றியிருக்கிறார், பழைய பெயரே எல்லாருக்கும் போகிறதாம். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, நெல்லிக்குப்பம். எங்க கடலூர் மேடம் சொல்வாங்க" என்றார் மலர்கொடி. கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பார்வதியை அதே அழைப்பில் சேர்த்தார்.

"கடலூர், ஒரு நெல்லிக்குப்பம் இருக்கு, பேசு."

"கொடு" என்றது பார்வதியின் குரல். பிறகு அதே குரல் வேறு மாதிரி மாறி, "வணக்கங்க, சொல்லுங்க" என்றது.

மலர்கொடி போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் சாய்த்து வைத்தார். வெளியே மழை அடித்தது. தையல்காரர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பார்வதி பொறுமையாக, மெதுவாக வழி சொன்னார். மலர்கொடி உப்புச் சரியாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்.